அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசுப் பணியிலும், அதன்பின் சில காலம் தனியார் ஸ்கேன் நிலையங்களிலும் நெஞ்சுப் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதிவந்த கதிரியக்க மருத்துவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை என்னை விட்டபாடில்லை. தெருக்காரர்கள், உறவினர்கள், உறவினர்களின் சம்பந்திகள் என்று யாராவது ஒருவர் வாரந்தோறும் கைபேசியில் ஒரு ஸ்கேன் அறிக்கையை அனுப்பி, “நுரையீரல்ல நாட்யூல்னு போட்டிருக்கு, கேன்சரா டாக்டர்?” என்று கேட்கிறார். கொரோனா காலத்தில் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் சிடி ஸ்கேன் எடுக்கத் தொடங்கிய பிறகுதான், நுரையீரலில் தெரியும் சிறு புள்ளியைக் குறிக்கும் இந்தச் சொல் இவ்வளவு வீடுகளுக்குள் நுழைந்தது. இப்போது முழு உடல் பரிசோதனை என்று தள்ளுபடி விலையில் விற்கப்படும் தொகுப்புகளும் அதற்குத் துணைபோகின்றன.

கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். மூன்று மில்லிமீட்டர் புள்ளி ஒன்றுக்காகச் சோறு இறங்காமல், நான்கைந்து மருத்துவர்களைப் பார்த்து, இரண்டு முறை ஸ்கேன் எடுத்து, செல்கள் சர்க்கரையை உண்ணும் வேகத்தைக் காட்டும் பெட் ஸ்கேனுக்கும் நாள் குறித்துக்கொண்டு வருபவர்கள் ஒரு வகை. மூன்று மாதத்தில் கட்டாயம் மறுபடியும் பார்க்க வேண்டிய புள்ளியை வைத்துக்கொண்டு, இருமல்தான் நின்றுவிட்டதே என்று அறிக்கையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒன்றரை ஆண்டு கழித்து வருபவர்கள் மறு வகை. இவர்களை அறியாமையுள்ளவர்கள் என்று சொல்லித் தட்டிக்கழிப்பது எளிது. ஆனால் இரு வகையினரையும் உருவாக்கியதில் என்னைப் போன்று அறிக்கை எழுதுபவர்களுக்கே பெரும் பங்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் கையால் நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பைக்கிலிருந்து விழுந்து வலப்பக்க விலா எலும்புகள் முறிந்த ஒரு வேன் ஓட்டுநரின் சிடி ஸ்கேனுக்கு நான் அறிக்கை எழுதினேன். வயது ஐம்பதைத் தாண்டியவர், நீண்ட நாள் பீடிப் பழக்கம் உள்ளவர். எலும்பு முறிவு, நுரையீரலைச் சுற்றிச் சிறிதளவு இரத்தம், கல்லீரலில் காயம் இல்லை என்றெல்லாம் முதல் பக்கத்தில் விரிவாக எழுதிவிட்டு, வலது நுரையீரலின் மேல் மடலில், அதாவது மேல் பகுதியில், ஓரங்கள் ஒழுங்கற்ற 9 மில்லிமீட்டர் நாட்யூல் ஒன்று இருப்பதை இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரியாக எழுதினேன். முடிவுரையில் ‘கிளினிக்கல் கோரிலேஷன் அண்ட் ஃபாலோ அப்’, அதாவது நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தொடர்ந்து கவனிக்கவும், என்று வழக்கம்போல முடித்தேன். அனுப்பிவைத்த மருத்துவர் எலும்பைப் பார்த்தார், மருந்து கொடுத்தார், வலி குறைந்ததும் வீட்டுக்கு அனுப்பினார். வெளிநோயாளிச் சீட்டில் நாட்யூலைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. இருபத்திரண்டு மாதங்கள் கழித்துச் சளியில் இரத்தம் வருகிறது என்று அதே மனிதர் வந்தபோது அந்த 9 மில்லிமீட்டர் 36 மில்லிமீட்டராகியிருந்தது. விட்டம் நான்கு மடங்கானால் பருமன் அறுபத்து நான்கு மடங்கு. நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவிவிட்டிருந்தது. அவருடைய மனைவி என்னிடம் கோபப்படவில்லை. “அன்னைக்கு விலா எலும்பு முறிஞ்சிருக்குன்னுதானய்யா சொன்னாவ” என்று மட்டும் சொன்னார்.

என் அறிக்கையில் தவறான செய்தி எதுவும் இல்லை. சட்டப்படி யாரும் என்னைக் கேள்வி கேட்கவும் இல்லை. ஆனால் ‘ஃபாலோ அப்’ என்று எழுதினேனே தவிர, எப்போது, எங்கே, எந்தப் பரிசோதனையோடு என்று எழுதவில்லை. யாருக்கு எழுதினேன் என்பதும் எனக்கே தெளிவாக இல்லை. எலும்பு மருத்துவர் நுரையீரல் மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருப்பார், நான் எலும்பு மருத்துவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன், ஓட்டுநரோ எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

நாட்யூல் என்பது நோயின் பெயரல்ல. நுரையீரலில் 3 சென்டிமீட்டர் வரையுள்ள, ஏறத்தாழ உருண்டையான ஒரு நிழல் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. அதைவிடப் பெரியதானால் பெயரே மாறிவிடும். பழைய காசநோயின் தழும்பாக இருக்கலாம், பூஞ்சைத் தொற்றின் எச்சமாக இருக்கலாம், நுரையீரலுக்குள் இருக்கும் சின்ன நிணநீர்க் கணுவாக இருக்கலாம், தீங்கற்ற கட்டியாக இருக்கலாம், தொடக்க நிலைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் கடும் புகைப்பழக்கம் உள்ள 53,454 பேரிடம் நடத்தப்பட்டு 2011-இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேனில் சந்தேகத்துக்குரியவை என்று குறிக்கப்பட்டவற்றுள் 96 விழுக்காட்டுக்கு மேல் புற்றுநோய் இல்லை என்றே முடிந்தது. அதே ஆய்வில்தான், எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களோடு ஒப்பிடுகையில் சிடி எடுத்துக்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 விழுக்காடு குறைந்ததும் தெரியவந்தது. முதல் எண்ணைக் கேட்டு நிம்மதியடைபவர்கள் இரண்டாவது எண்ணையும் சேர்த்தே கேட்க வேண்டும். பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை, எஞ்சியதை நேரத்தில் பிடித்தால் உயிர் மிஞ்சும்.

எஞ்சியது எது என்பதை முதல் படத்திலேயே சொல்லிவிட முடியாதபோது, காலத்தைச் சாட்சியாக அழைப்பதுதான் வழி. 1969-இல் நெஞ்சகக் கதிரியக்க வல்லுநர்கள் சேர்ந்து தொடங்கிய ஃபிளைஷ்னர் கழகம் 2005-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய நெறிமுறையைத்தான் உலகின் பல பகுதிகளிலும் பின்பற்றுகிறார்கள். அதன்படி, திடமான ஒற்றைப் புள்ளி 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து, புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் புகைப்பழக்கம் முதலிய காரணங்களும் இல்லையென்றால், தொடர்ந்து ஸ்கேன் எடுக்கவே தேவையில்லை. காரணங்கள் இருந்தால் ஓராண்டு கழித்து ஒருமுறை பார்க்கலாம். 6 முதல் 8 வரை என்றால் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் ஒரு படம், தேவையானால் ஒன்றரை முதல் இரண்டாண்டுக்குள் இன்னொன்று. 8-ஐத் தாண்டினால் மூன்று மாதத்தில் மறு ஸ்கேன், அல்லது பெட் ஸ்கேன், அல்லது ஊசி மூலம் திசு எடுத்துப் பார்ப்பது. இது முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்கும், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கும் பொருந்தாது என்பதை அந்நெறிமுறையே சொல்கிறது. இதை வாசகர்கள் தாங்களே வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. 4 மில்லிமீட்டர் புள்ளிக்கு மாதம் ஒரு ஸ்கேன் எழுதிக்கொடுக்கப்பட்டால், ஏன் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதற்காக எழுதுகிறேன்.

மூன்று மாதம், ஆறு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்பதுண்டு. திடமான நுரையீரல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை தம் பருமனை இரு மடங்காக்கிக்கொள்ள ஏறத்தாழ 100 முதல் 400 நாள் எடுத்துக்கொள்கின்றன. 8 மில்லிமீட்டர் உருண்டை 10 மில்லிமீட்டராவது கண்ணுக்கு அற்பமாகத் தெரியும். ஆனால் பருமனில் அது ஏறத்தாழ இரு மடங்கு. பத்து நாளில் மறுபடியும் எடுத்தால் எந்தப் புற்றுநோயும் தன்னைக் காட்டிக்கொள்ளாது, பணமும் கதிர்வீச்சும்தான் மிச்சம். பத்து நாளில் இரு மடங்காகிவிட்டதென்றால் அது பெரும்பாலும் சீழோ தொற்றோதான். இரண்டாண்டுகள் அசையாமல் இருக்கும் திடமான புள்ளியை நாங்கள் விட்டுவிடுவதும் இந்தக் கணக்கின்படியே. கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல மங்கலாகத் தெரியும் ஒரு வகைப் புள்ளி உண்டு, அது மட்டும் விலக்கு. அது புற்றுநோயாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் மெதுவாக ஊர்ந்து வளரும் என்பதால், ஐந்தாண்டுகள் வரை இடைவெளி விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புகையிலையைத் தொடாத பெண்களிடமும் இந்த வகையைக் காண்கிறோம். ‘சிகரெட் குடிக்காதவருக்கு என்ன வந்துவிடப்போகிறது’ என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

அளப்பதில் உள்ள தொல்லையையும் சொல்ல வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாக எடுத்த படத்தில் ஐந்து மில்லிமீட்டர் புள்ளி ஒரு துண்டுக்குள் முழுதாகவும் விழலாம், இரண்டு துண்டுகளுக்கிடையே பாதிப்பாதியாகவும் விழலாம். மூச்சை இழுத்து அடக்கச் சொல்லும்போது நோயாளி ஒருமுறை நிறைய இழுத்தும் மறுமுறை கொஞ்சமாக இழுத்தும் படுத்திருந்தால் அதே புள்ளி வேறு உருவம் காட்டும். இரண்டு மருத்துவர்கள் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு வருவது சாதாரணம். ஒரே மருத்துவர் காலையிலும் மாலையிலும் அளந்தாலே வரும். அதனால்தான் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த மாற்றத்தை வளர்ச்சி என்று சொல்லத் தயங்குகிறோம். 6 என்று இருந்தது இப்போது 7 என்று வந்திருக்கிறது என்று பதறி வருபவரிடம், அந்த ஒரு மில்லிமீட்டர் கட்டியுடையதல்ல, எங்களுடையதாக இருக்கலாம் என்றுதான் சொல்ல முடிகிறது. இந்தத் தொல்லையைக் குறைக்க, மறு ஸ்கேனை முடிந்தவரை அதே இயந்திரத்தில், மெல்லிய துண்டுகளாக, குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுக்கச் சொல்ல வேண்டும். நாட்யூலை அளக்க மட்டுமே வருபவருக்கு நரம்பு வழியாகச் சாயமருந்து ஏற்ற வேண்டியதில்லை. அதற்கான கூடுதல் கட்டணமும் மிச்சமாகும்.

புதிய ஸ்கேனைவிடப் பல நேரங்களில் பழைய படமே மேலானது. அறுபது வயதைக் கடந்த, பீடி சுற்றும் ஓர் அம்மாவை அவருடைய மகள்கள் ஒருமுறை என்னிடம் அழைத்துவந்தார்கள். இடது நுரையீரலில் 14 மில்லிமீட்டர் கட்டி, ஊசி போட்டுச் சதை எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. பழைய எக்ஸ்ரே ஏதாவது உண்டா என்று கேட்டேன். மகள்கள் இல்லை என்றார்கள். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய், மறுநாள் காலையில் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு நெஞ்சுப் படம். கர்ப்பப்பை அறுவைக்கு முன் மயக்க மருந்துக்காகப் பதினொரு ஆண்டுகளுக்கு முன் எடுத்தது. ஒரு மூலையை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. ஆனால் ஈய எழுத்துகளில் பதிந்த எண்ணும் தேதியும் அழியாமல் இருந்தன. “அப்பமே குடுத்தாவ, தூரப் போட மனசு வரல” என்றார். அன்றே புதிதாக ஓர் எக்ஸ்ரே எடுத்து இரண்டையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கமாக மாட்டிப் பார்த்தோம். அதே இடம், அதே அளவு. பதினொரு ஆண்டில் வளராதது இனி எதற்காக வளரப்போகிறது? ஊசி வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்த ஊசியால் சிலருக்கு நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து, நெஞ்சில் குழாய் போட வேண்டிவரும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மஞ்சள் பையின் மதிப்பு விளங்கும்.

மருத்துவமனைகளில் அப்படிப்பட்ட படங்கள் அறை அறையாக இருந்தன. படச்சுருளில் வெள்ளி இருப்பதால், குறிப்பிட்ட காலம் கழிந்ததும் எடைக்குப் போட்டுவிடுவார்கள். வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்கள் வாங்கிப் போவார்கள். இப்போது படமே இல்லை, குறுந்தகடுதான். அதையும் செருகிப் பார்க்க வீடுகளில் உள்ள கணினிகளில் இடமில்லை. வாட்ஸ்ஆப்பில் எனக்கு அனுப்பப்படும் புகைப்படங்களோ, ஸ்கேன் தாளைச் சன்னலோரம் பிடித்துக்கொண்டு எடுத்தவை. அவற்றில் பின்னாலுள்ள வேப்பமரம்தான் தெளிவாகத் தெரிகிறது, நாட்யூல் தெரிவதில்லை. குறுந்தகட்டில் உள்ளதை அப்படியே ஒரு பென் டிரைவில் ஏற்றி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள் என்பதே கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்.

நம் நாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரல் மேல் மடலில் ஒரு புள்ளி என்றால் மேலை நாட்டு மருத்துவருக்கு முதலில் புற்றுநோய் நினைவுக்கு வரும், நமக்கு டி.பி. இது பெரும்பாலும் சரியான நினைவுதான். ஆனால் இந்த நினைவே இரண்டு பக்கமும் ஆளை விழுத்தாட்டுகிறது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, திசுவும் எடுக்கவில்லை, இருந்தாலும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆறு மாதக் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு மாதமும் மறு ஸ்கேன் கிடையாது. கட்டி காசநோயாக இல்லாவிட்டால், வளர்வதற்கு அத்தனை நாளும் அதற்கு இலவசம். மறுபக்கம், பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று ஒளிர்ந்துவிட்டது என்பதற்காகவே புற்றுநோய் என்று குடும்பத்தையே கலங்கவைப்பதும் நடக்கிறது. பெட் ஸ்கேன் புற்றுநோயைக் காட்டும் கருவியல்ல. சர்க்கரையை வேகமாக உண்ணும் செல்களைக் காட்டும் கருவி. காசநோய்க் கட்டியும் சர்க்கரையை உண்ணும், பூஞ்சைக் கட்டியும் உண்ணும். 8 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளியிலோ, புற்றுநோயே இருந்தாலும் அது ஒளிராமல் போகலாம். சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. விலை உயர்ந்த ஸ்கேனுக்கு முன் ஒரு டப்பாவில் நல்ல சளி எடுத்துக் கொடுப்பது பலருக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி, செய்ய வேண்டியது என்று நான் கருதுவது. கதிரியக்க மருத்துவர்கள் ‘ஃபாலோ அப்’ என்ற சொல்லை மட்டும் எழுதி முடிப்பதை நிறுத்த வேண்டும். எந்த மடலில், எத்தனை மில்லிமீட்டர், திடமா மங்கலா, அடுத்த படம் எந்த மாதம், அல்லது அடுத்த படமே தேவையில்லை என்பதை முடிவுரையின் முதல் வரியில் எழுத வேண்டும். ‘தேவையில்லை’ என்று எழுதுவதற்குத்தான் நம்மவர்களுக்கு அதிகத் துணிவு வேண்டியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நாளைக்கு ஏதாவது வந்துவிட்டால் என்ற அச்சத்தில் எல்லோருக்கும் ‘ஃபாலோ அப்’ என்று எழுதும்போது, உண்மையில் தேவைப்படுபவருக்கும் அந்தச் சொல் உறைக்காமல் போய்விடுகிறது. அறிக்கையின் இந்தப் பகுதி மட்டுமாவது தமிழில் இருக்க வேண்டும். எலும்புக்கோ வயிற்றுக்கோ ஸ்கேன் எழுதிக்கொடுத்த மருத்துவரும், வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் நாட்யூலைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. காசநோயாளி மாத்திரையை நிறுத்தினால் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து கேட்கிறார். தேடிப்போய்க் கேட்கும் பழக்கம் நம் மாநிலச் சுகாதாரத் துறைக்குப் புதியதல்ல. அரசு மருத்துவமனை ஸ்கேன் மையங்களில் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நாட்யூல் கண்டவர்களுக்கென ஒரு பதிவேடு வைத்து, குறித்த மாதத்தில் வராதவர்களைக் கைபேசியில் அழைத்தால் போதும். இதற்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம். ஒரு நீளநோட்டும், நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒரு பணியாளரும் போதும். அந்த வேன் ஓட்டுநரை மூன்றாம் மாதம் யாராவது ஒருவர் அழைத்திருந்தால், அவர் வந்திருப்பார் என்றே நினைக்கிறேன். விலா எலும்பு வலிக்குச் சொன்ன தேதியில் மூன்று முறையும் தவறாமல் வந்தவர் அவர்.

தனியார் நிலையங்களுக்குச் செலவே இல்லாத ஒரு யோசனை. ஸ்கேன் படங்களைப் போட்டுத் தரும் பெரிய உறையின் பின்பக்கத்தில் இப்போது கிளைகளின் முகவரிகளும் பரிசோதனைத் தொகுப்புகளின் விலைப்பட்டியலும் அச்சாகின்றன. அதில் கால்பங்கு இடத்தை ஒதுக்கி, ‘புள்ளியின் அளவு’ என்று ஒரு கட்டமும், ‘அடுத்து வர வேண்டிய மாதம்’ என்று ஒரு கட்டமும் அச்சிட்டு, உறையைக் கையில் கொடுக்கும் பெண்ணே பேனாவால் நிரப்பிக் கொடுக்கும்படி செய்யலாம்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கதிரியக்க மருத்துவர்,
பாளையங்கோட்டை.